கையால் சுத்துற டார்ச் வாங்கலாமா? 1831ல இருந்து ஒரு வரலாற்று இழை

1/ ஐப்பசி பிறந்து, வங்கக் கடல்ல காற்றழுத்தத் தாழ்வு நிலைன்னு முதல் செய்தி வந்ததுமே இன்பாக்ஸ்ல ஒரே கேள்விதான். "டாக்டர், பேட்டரியே வேண்டாம், கைப்பிடியைச் சுத்தினா போதும், எரியும்னு ஒரு டார்ச் விளம்பரம் வருதே. புயலுக்கு ஆகுமா? மலையேறப் போகும்போது எடுத்துட்டுப் போகலாமா?"

2/ சுருக்கமான பதில்: வாங்கலாம். ஆனா அது வீட்ல ரெண்டாவது அல்லது மூணாவது விளக்கா இருக்கணும். அதையே முதல் விளக்கா நம்பி இருக்கக் கூடாது.

ஏன்னு சொல்ல கொஞ்சம் வரலாறு வேணும். இந்தக் கருவி ஏறக்குறைய 200 வருஷமா மனுஷன் கையில இருக்கு. யாரு, எப்போ, எதுக்காகச் சுத்தினாங்கன்னு பார்த்தாலே நம்ம கேள்விக்குப் பதில் வந்துடும். இழை நீளம். டீயோட உட்காருங்க.

3/ 1831. லண்டன்ல மைக்கேல் ஃபாரடே ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்கிறார். கம்பிச் சுருளுக்குப் பக்கத்துல காந்தத்தை அசைச்சா, அந்தக் கம்பியில மின்சாரம் ஓடுது. காந்தம் சும்மா இருந்தா ஒண்ணும் வராது. அசைவு நின்னா மின்சாரமும் நிக்கும்.

"அசைவு நின்னா மின்சாரமும் நிக்கும்" என்பதை மனசுல வெச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் இது கூடவே வரும்.

4/ அடுத்த வருஷமே, 1832ல, பாரிஸ்ல இப்போலித் பிக்ஸி என்ற கருவி செய்பவர் ஒரு குதிரைலாட காந்தத்தைக் கைப்பிடி வெச்சுச் சுத்துற மாதிரி இயந்திரம் செய்துட்டார். நம்ம டார்ச்சோட கொள்ளுத்தாத்தா அதுதான்.

ஆனா அப்போ அதுல சொருகி எரிக்க ஒரு பல்பு கிடையாது. எடிசனோட பல்பு வர்றதுக்கு 1879 ஆகணும். அப்போ நடுவுல இருந்த 47 வருஷம் இந்தக் கைப்பிடியை எதுக்குச் சுத்தினாங்க?

5/ சொன்னா சிரிப்பீங்க. அதை ஆர்வமா வாங்கிச் சுத்தினவங்கள்ல முக்கியமானவங்க எங்க ஆளுங்கதான், டாக்டருங்க!

1854ல அமெரிக்காவுல ஆரி டேவிஸ் என்பவர் காப்புரிமை வாங்கின ஒரு மரப்பெட்டி. உள்ளே காந்தம், சுருள், பல்சக்கரம். நோயாளி ரெண்டு பித்தளைக் குழாயைக் கையில பிடிச்சுக்கணும், பக்கத்துல ஒருத்தர் கைப்பிடியைச் சுத்தணும். சுர்ருன்னு ஷாக் ஏறும். "நரம்பு நோய்களுக்கு" என்று சொல்லி வித்தாங்க. பழம்பொருள் சந்தையில இன்னைக்கும் அந்தப் பெட்டிகள் கிடைக்குது.

6/ பலன்? பெட்டி மேல எழுதியிருந்த அளவுக்கு எதுவும் இல்ல. ஆனா அந்தக் காலத்து ஆராய்ச்சி முழுசும் வீண்னு சொல்ல முடியாது. மின்சாரத்தால தசையைத் தூண்டலாம்னு பிரான்ஸ்ல டுஷேன் முறையா ஆராய்ந்தார். இன்னைக்கும் பிசியோதெரபி அறையில "ஃபாரடிக்" என்ற சொல்லைக் கேட்கலாம். அது அந்த ஃபாரடேயோட பெயர்தான்.

ஒரு கருவி உண்மையா வேலை செய்யறது வேற, அதை விக்கறவர் சொல்ற எல்லாத்துக்கும் அது வேலை செய்யறது வேற. 1854லயும் அப்படித்தான், இன்னைக்கு விளம்பரத்துலயும் அப்படித்தான்.

7/ பல்பு வந்தது. 1899ல அமெரிக்காவுல டேவிட் மிசெல் என்பவருக்கு, குழாய்க்குள்ள உலர் மின்கலம் போட்ட கை விளக்குக்குக் காப்புரிமை கிடைச்சது. அதை வாங்கின நிறுவனம்தான் பின்னாடி எவரெடி. நம்ம தாத்தாக்கள் தலையணை பக்கத்துல வெச்சிருந்த அந்தப் பேரு!

அப்போ மின்கலமும் பல்பும் ரொம்ப பலவீனம். தொடர்ந்து எரியாது, ஒரு பளிச், கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு பளிச். அதனாலதான் ஆங்கிலத்துல அதுக்கு ஃபிளாஷ்லைட்னு பேர் வந்தது.

8/ செல் கடையில கிடைக்கிற வரைக்கும் யாரும் கைப்பிடியைச் சுத்தப் போறதில்ல. சுத்துறதுக்கு ஒரு காரணம் வேணும். ஒண்ணு கடை பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கணும், இல்லன்னா கடையில சரக்கு இல்லாம இருக்கணும்.

இனி நான் சொல்லப்போற ஒவ்வொரு கதையும் இந்த ரெண்டுல ஒண்ணு.

9/ முதல்ல கடை தூரமா இருந்த கதை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதி. பக்கத்து வீடே நூறு கிலோமீட்டர் தள்ளி. குழந்தைக்கு ஜுரம், குதிரையில இருந்து விழுந்து கால் முறிவு, பிரசவம் நின்னுபோச்சு... டாக்டரைக் கூப்பிட வழியே கிடையாது.

1928 மே மாதம் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் க்ளான்கரி என்ற ஊர்ல இருந்து விமான டாக்டர் சேவையைத் தொடங்கினார். இன்னைக்கு அதுதான் ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ்.

10/ விமானம் இருக்கு, டாக்டர் இருக்கார். ஆனா "வாங்க"ன்னு சொல்றது எப்படி? ரேடியோ வேணும், ரேடியோவுக்கு மின்சாரம் வேணும்.

அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ட்ரேகர் என்ற பொறியாளர் கைப்பிடி ஜெனரேட்டர்லதான் தொடங்கினார். ஒரு பெரிய சிக்கல் வந்தது. ஒரு கை கைப்பிடியைச் சுத்தினா, அதே ஆள் இன்னொரு கையால மோர்ஸ் தட்டறது பெரும் பாடு. தனியா இருக்கிற ஆள் என்ன செய்வார்?

11/ ட்ரேகர் கண்டுபிடிச்ச தீர்வு ரொம்ப எளிமை. கைப்பிடியை எடுத்துட்டு சைக்கிள் பெடல் வெச்சார். நாற்காலியில உட்கார்ந்து காலால மிதிச்சா சுமார் 20 வாட் வரும், ரெண்டு கையும் சும்மா இருக்கும். 1929ல இருந்து பண்ணை வீடுகளுக்கு இந்தப் பெடல் ரேடியோ போக ஆரம்பிச்சது. மோர்ஸ் தெரியாதவங்களுக்காக டைப்ரைட்டர் மாதிரி ஒரு விசைப்பலகையும் பின்னால செஞ்சு கொடுத்தார்.

1942ல இருந்து அந்த வீடுகளுக்கு எண் போட்ட மருந்துப் பெட்டியும் போச்சு. டாக்டர் ரேடியோவுல நம்பரைச் சொன்னா போதும், வீட்டுக்காரங்க அந்த மருந்தை எடுத்துக் கொடுப்பாங்க. 80 வருஷத்துக்கு முன்னாடியே டெலிமெடிசின்!

12/ இந்தக் கதையில இருந்து முதல் பாடம்: அவசரத்துல மனுஷனுக்கு ரொம்ப அரிதான பொருள் கை. விளக்குக்கோ ரேடியோவுக்கோ ஒரு கையைக் கொடுத்துட்டா, வேலைக்கு ஒரு கைதான் மிச்சம்.

13/ இதை நாங்க டூட்டியில நேராவே பார்க்கிறோம். ராத்திரி ரெண்டு மணி, அரிவாள் வெட்டுக் காயத்துக்குத் தையல் போட்டுட்டு இருக்கோம். கரண்ட் போகுது. ஜெனரேட்டர் எடுக்கறதுக்கு நேரமாகுது. சிஸ்டர் செல்போன் லைட்டைப் பிடிப்பாங்க, சில சமயம் நோயாளியோட கூட வந்த அண்ணன் பிடிப்பார். அந்த நேரத்துல கையில சுத்துற டார்ச்சைக் கொடுத்தா என்ன ஆகும்? சுத்தச் சுத்த வெளிச்சம் காயத்து மேல நிக்காம ஆடும். தலையில மாட்டுற ஹெட்லேம்ப் இருந்தா யார் உதவியும் வேண்டாம்.

14/ இன்னொண்ணு. தலையில அடிபட்டவருக்குக் கண்மணியில வெளிச்சம் அடிச்சுப் பார்ப்போம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழணும். அப்பதான் எந்தக் கண்மணி சுருங்குது, எது சுருங்கலைன்னு நம்பிச் சொல்லலாம். அழுத்தினா கூடி, விட்டா குறையுற விளக்கை வெச்சு அதைச் செய்யக் கூடாது.

15/ இப்ப கடையில சரக்கு இல்லாமப் போன கதை. 1940 மே மாதம் ஜெர்மானியப் படை நெதர்லாந்தைப் பிடிச்சது. மேலே பறக்கிற விமானத்துக்கு ஊர் தெரியக் கூடாதுன்னு தெருவிளக்கை அணைச்சு, ஜன்னலை மூடி, முழு இருட்டடிப்பு. கால்வாய்கள் நிறைந்த ஊர்கள் வேற. டார்ச் இல்லாம ராத்திரி நடக்கறது ஆபத்து. செல்லோ போகப்போகக் கிடைக்காத பொருள் ஆயிடுச்சு.

16/ அப்போ ஐந்தோவன் நகரத்து பிலிப்ஸ் கம்பெனியோட ஒரு டார்ச் நாடு முழுக்கப் பரவியது. உள்ளங்கை அளவு. பக்கவாட்டுல ஒரு நெம்புகோல். கையால அழுத்தி விட, அழுத்தி விட, உள்ளே பல்சக்கரம் காந்தத்தைச் சுத்தும், சின்ன பல்பு எரியும். செல் கிடையாது. கையை நிறுத்தினா சில நொடியில இருட்டு.

அழுத்தும்போது வர்ற உர்ர்ர் சத்தம் பூனை உறுமுற மாதிரி இருக்கும். அதனால டச்சுக்காரங்க வெச்ச பேர் "நைப்கட்". அழுத்துற பூனை.

17/ ராத்திரித் தெருவுல ஆள் முகம் தெரியாது, பூனைச் சத்தம் மட்டும் கேட்கும். வேடிக்கையா இருக்கு இல்ல? ஆனா அந்தப் பூனைகள்ல ஒரு பகுதி எங்கே செய்யப்பட்டதுன்னு தெரிஞ்சா சிரிப்பு நின்னுடும்.

18/ 1943ல நெதர்லாந்தின் தெற்கே ஃபுக்ட் என்ற இடத்துல நாஜி வதை முகாம் திறந்தது. அங்கே ஒரு பட்டறை நடத்தச் சொல்லி பிலிப்ஸுக்கு நெருக்கடி. கம்பெனி சில நிபந்தனையோட ஒத்துக்கிச்சு. அதுல ஒண்ணு, வேலை செய்யற கைதிகளுக்குத் தினமும் ஒரு வேளை சூடான சாப்பாட்டைக் கம்பெனி தரும். அந்தப் பட்டறையில ரேடியோ பாகங்களோட இந்த அழுத்துற டார்ச்சும் செஞ்சாங்க.

19/ பட்டறையில பேர் இருந்தா நாடுகடத்தல் தள்ளிப்போகும். அதனால அந்த டார்ச் வேலை பல யூதக் குடும்பங்களுக்கு உயிர்க்கயிறு. ஆனா கயிறு கடைசி வரை தாங்கல. 1944 ஜூன்ல அந்தப் பட்டறையின் யூதக் கைதிகளையும் ஆஷ்விட்ஸுக்கு ஏத்திட்டாங்க. அங்கேயும் "தொழில் தெரிஞ்சவங்க"ன்னு பிரிக்கப்பட்டதால 382 பேர் போருக்கு அப்புறம் உயிரோட இருந்தாங்க.

ஃப்ரிட்ஸ் பிலிப்ஸ் என்ற அந்தக் கம்பெனித் தலைவரும் 1943ல சில மாசம் அதே முகாம்ல கைதியா இருந்தவர். யூதர்களைக் காத்ததற்காகப் பின்னாளில் இஸ்ரேலின் யாத் வஷேம் அவரைக் கௌரவிச்சது.

20/ 1944 செப்டம்பர். நேச நாட்டுப் படை தெற்கிலிருந்து முன்னேறி வந்தது. செப்டம்பர் 18ல ஐந்தோவனுக்கு விடுதலை. ஆனா ஆர்ன்ஹெம் பாலத்துல தாக்குதல் தோத்துப் போச்சு. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் எல்லாம் ஜெர்மானியர் பக்கமே மாட்டிக்கிச்சு. டார்ச் செய்யற ஊர் அந்தப் பக்கம், அது தேவைப்படற ஊர்கள் இந்தப் பக்கம்.

நிலக்கரிச் சுரங்கமும் விடுதலையான தெற்கேதான். மின் நிலையத்துக்கு எரிபொருள் இல்ல. ஆம்ஸ்டர்டாம்ல அக்டோபர்லயே வீடுகளுக்கு மின்சாரம் நிறுத்தம். கேஸும் நின்னது.

21/ ரயில்வே ஊழியர் வேலைநிறுத்தத்துக்குப் பழிவாங்க உணவு வரத்தை ஜெர்மானியர் தடுத்தாங்க. அப்புறம் தடையைத் தளர்த்தினப்போ கால்வாய் உறைஞ்சு படகு போக முடியல. அதுதான் டச்சு பசிக் குளிர்காலம். ட்யூலிப் கிழங்கைத் தின்னாங்க, சர்க்கரைக் கிழங்கைத் தின்னாங்க. சுமார் 20,000 பேர் செத்தாங்க.

எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கு இந்தப் பஞ்சம் நல்லாத் தெரியும். அப்போ கர்ப்பத்துல இருந்த குழந்தைகளைப் பெரியவங்களான பிறகும் தொடர்ந்து ஆராய்ந்துதான், கருவில் பட்ட பட்டினி நடுவயசுல சர்க்கரை நோய், இதய நோய் வரைக்கும் நீளும்னு உலகம் கத்துக்கிச்சு.

22/ அந்த இருட்டுல வெளிச்சத்துக்கு என்ன செஞ்சாங்க? நைப்கட் இருந்தவங்க அழுத்தினாங்க. மத்தவங்க சைக்கிளைக் கூடத்துக்குள்ள தூக்கிட்டு வந்து, பின்சக்கரம் தரையில படாம நிறுத்தி, ஒருத்தர் ஏறி மிதிக்க, சைக்கிள் டைனமோ வெளிச்சத்துல மத்தவங்க வேலையைப் பார்த்தாங்க. முறை வெச்சு மிதிக்கணும். சிலர் டைனமோவுக்குச் சின்னக் காற்றாடி கட்டிக் கூரை மேல வெச்சாங்க.

23/ இங்க டாக்டர் மூளை ஒரு கணக்குப் போடும். போட்டுப் பார்ப்போம்.

சைக்கிள் டைனமோ தர்றது 3 வாட். அந்தக் காலத்து டைனமோ நாம கொடுக்கிற சக்தியில மூணுல ஒரு பங்கைத்தான் மின்சாரமா மாத்தும்னு வெச்சுக்குவோம். அப்போ சக்கரத்துக்கு 10 வாட் வேணும். நம்ம தசை, சாப்பிட்ட சக்தியில நாலுல ஒரு பங்கைத்தான் வேலையா மாத்தும், மிச்சம் சூடா போயிடும். அப்போ உடம்புக்குச் செலவு 40 வாட். ஒரு மணி நேரம் மிதிச்சா சுமார் 35 கிலோ கலோரி. காலைத் தூக்கி இறக்கறதுக்கும் கொஞ்சம் சேர்த்தா 40 வரும்.

24/ 40 கிலோ கலோரி நமக்கு ஒரு சின்ன இட்லி. பெரிய விஷயமில்ல.

1945 பிப்ரவரிக் கடைசியில மேற்கு நெதர்லாந்துல ஒருத்தருக்கு ஒரு நாள் ரேஷன் சுமார் 580 கிலோ கலோரி. அதுல 40 என்பது கிட்டத்தட்ட 15ல ஒரு பங்கு. ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு, அன்னைக்குச் சாப்பாட்டுல அவ்வளவைத் திருப்பிக் கொடுக்கணும்.

25/ இதுதான் ரெண்டாவது பாடம். "பேட்டரியே தேவையில்லை"ன்னு விளம்பரம் சொல்லும்போது, பேட்டரி இல்லாம இல்ல. பேட்டரி நீங்கதான். உங்க சாப்பாடு, உங்க தூக்கம், உங்க தோள்பட்டைதான் எரியுது. வெள்ளத்துல ரெண்டு நாள் சரியாச் சாப்பிடாம, ஜுரத்தோட மொட்டை மாடியில நிக்கிற ஒரு வயசானவர் கையில அந்த டார்ச் எவ்வளவு நேரம் எரியும்னு யோசிங்க.

26/ அதே போர்க்காலத்துல இன்னொரு கைப்பிடிக் கருவியும் இருந்தது. கடல்ல விழுந்த அமெரிக்க விமானிகளுக்கான ரேடியோ. தொடையிடுக்குல நழுவாமப் பிடிக்கறதுக்காக இடுப்பு ஒடுங்கின வடிவம். அதனால செல்லப் பேர் "கிப்ஸன் கேர்ள்". பட்டத்தாலயோ பலூனாலயோ ஆன்டெனாவை மேலே அனுப்பிட்டு, கைப்பிடியைச் சுத்தினா போதும், 500 கிலோஹெர்ட்ஸ்ல எஸ்ஓஎஸ் தானாப் போகும். சோவியத் நாட்டுலயும் நைப்கட் மாதிரியே அழுத்துற டார்ச் இருந்தது. பேர் "ஷுச்சோக்", அதாவது சின்ன வண்டு.

27/ ரப்பர் படகுல இருக்கிறவனுக்குச் செல் வாங்கக் கடை இல்ல. அவனுக்கு விடிய விடிய மின்சாரமும் தேவையில்ல. "நான் இங்க இருக்கேன்"னு கொஞ்ச நேரம் சொன்னா போதும். கைப்பிடிக்கு ரொம்பப் பொருத்தமான வேலை இதுதான்: குறைஞ்ச சக்தி, கொஞ்ச நேரம், ஆனா எத்தனை வருஷம் கழிச்சும், எத்தனை முறை வேணும்னாலும். இது மூணாவது பாடம்.

28/ 1991. இங்கிலாந்துல ட்ரெவர் பெய்லிஸ் என்ற கண்டுபிடிப்பாளர் டிவியில ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் பரவுறதைப் பத்தி ஒரு நிகழ்ச்சி பார்க்கிறார். விழிப்புணர்வுத் தகவல் ரேடியோவுல போகுது, ஆனா ஏழைங்ககிட்ட ரேடியோவுக்குச் செல் வாங்கக் காசில்ல. பழைய கிராமபோன் மாதிரி ஸ்பிரிங் முறுக்குற ரேடியோவைச் செஞ்சார். ஒரு தடவை முறுக்கினா அரை மணி நேரம் போலப் பாடும். பின்னால தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன்ல அதைத் தயாரிச்சாங்க, மாற்றுத்திறனாளிகளும் அங்கே வேலை செஞ்சாங்க.

29/ ஸ்பிரிங் கனம், விலை அதிகம். சில வருஷத்துல ஸ்பிரிங் போய், உள்ளே சின்ன ரீசார்ஜ் செல் வந்துடுச்சு. "அசைவு நின்னா மின்சாரமும் நிக்கும்" என்ற ஃபாரடே காலத்துச் சிக்கலுக்கு வழி கிடைச்சது. இன்னைக்கு நீங்க வாங்குற கைப்பிடி டார்ச் இந்த வகைதான். ஆனா வழி கிடைச்சதோட புது வியாதியும் வந்தது. அதுக்கு இதோ வர்றேன்.

30/ அதுக்கு முன்னாடி ஒரு நல்ல செய்தி: எல்இடி. நீல எல்இடிக்காக அகசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014ல இயற்பியல் நோபல் கிடைச்சது. அதனாலதான் வெள்ளை எல்இடி சாத்தியமாச்சு. இது கைப்பிடி டார்ச்சோட தலையெழுத்தையே மாத்திடுச்சு. எப்படி?

ஒரு நிமிஷம் சுமார் 5 வாட்ல சுத்தினா 300 ஜூல். பாதி வீணாப் போனா செல்லுல சேர்றது 150 ஜூல். பழைய குண்டு பல்பு மங்கலா எரிஞ்சாலும் அது ரெண்டு நிமிஷத்துல காலி. அதே வெளிச்சம் தர்ற எல்இடிக்கு 0.1 வாட் போதும். 25 நிமிஷம் எரியும்.

31/ அதனால "ஒரு நிமிஷம் சுத்தினா அரை மணி நேரம்"ங்கற விளம்பரம் பொய் இல்ல. ஆனா எந்த வெளிச்சம் அரை மணி நேரம்? முகத்தைப் பார்க்க, மாத்திரை அட்டையைப் படிக்க, கதவுத் தாழ்ப்பாளைத் தேடப் போதுமான வெளிச்சம். வரப்புல பத்தடி முன்னாடி என்ன படுத்திருக்குன்னு பார்க்கற வெளிச்சம் இல்ல.

32/ இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, மழைக்காலத்துல பாம்புக்கடி அதிகம் வரும். பொந்துல தண்ணி ஏறினா பாம்பு மேட்டுக்கு வரும், மேடுன்னா நம்ம வீடு. ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போறவங்க, கொல்லைப்புறம் போறவங்க கையில நல்ல வெளிச்சம் இருக்கணும். கட்டுவிரியன் ராத்திரியில வீட்டுக்குள்ளயே வரும். பாயில இருந்து காலைக் கீழே வைக்கும் முன்னாடி டார்ச் அடிச்சுப் பார்க்கணும். "இருங்க, ஒரு நிமிஷம் சுத்திக்கிறேன்"னு அந்த நேரத்துல யாரும் சொல்ல முடியாது.

33/ ஒரு சாதாரண அல்கலைன் ஏஏ செல்லுல சுமார் 9,000 ஜூல் இருக்கு. மேலே சொன்ன கணக்குப்படி, அந்த ஒரு செல்லுக்குச் சமமா நீங்க ஒரு மணி நேரம் நிறுத்தாமச் சுத்தணும். நாலு செல் அடங்கின ஒரு அட்டையை வாங்கி அலமாரியில வெச்சா, நாலு மணி நேரக் கைவலியை முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி வெச்ச மாதிரி.

34/ "செல்போன் சார்ஜ் பண்ணலாம்"னு போட்டிருக்கே? ஸ்மார்ட்போன் பேட்டரி சுமார் 15 வாட்-மணி, அதாவது 54,000 ஜூல். முழுசா ஏத்த ஆறு மணி நேரம் சுத்தணும். யாராலயும் முடியாது. செத்துப்போன போனை அரை மணி நேரம் சுத்தி எழுப்பி, "நாங்க மாடியில இருக்கோம், அஞ்சு பேர்"னு ஒரு தகவல் அனுப்பலாம். அது கிப்ஸன் கேர்ள் வேலை. அதுக்கு மட்டும் நம்புங்க.

35/ இப்ப அந்தப் புது வியாதி. உள்ளே இருக்கிற சின்ன ரீசார்ஜ் செல் பெட்டியில சும்மா கிடந்தாலே மெல்ல மெல்லச் சாகும். மூணு வருஷம் கழிச்சுப் புயல் ராத்திரி எடுத்தா, சுத்தும்போது மட்டும் எரியும், விட்டா அணைஞ்சுடும். மறுபடி 1943 நைப்கட்!

இன்னொரு மோசடியும் உண்டு. குலுக்கினா எரியும்னு ஒரு வகை டார்ச் வந்ததே, அதுல சில மலிவுச் சரக்கை உடைச்சுப் பார்த்தா, உள்ளே குலுங்குறது காந்தமே இல்ல. வாட்ச் செல் மாதிரி ரெண்டு செல்லை ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அது தீர்ந்ததும் கதை முடிஞ்சது.

36/ அப்போ வேண்டாமா? வேணும். கஜா புயல் 2018 நவம்பர் 16ல வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. டெல்டா கிராமங்கள்ல பல இடத்துல வாரக்கணக்கா மின்சாரம் இல்ல. அத்தனை நாள் ஆனா செல் தீரும், பவர் பேங்க் தீரும், கடையில மெழுகுவத்தி கூடத் தீரும். அப்போ எந்தக் கடையையும் நம்பாம எரியறது ரெண்டுதான்: சூரியன்ல ஏறுற விளக்கு, கையால ஏறுற விளக்கு. மழை மேகம் விலகாத நாள்ல ரெண்டாவது மட்டும்தான்.

37/ இன்னொரு காரணம், தீக்காயம். இருட்டுல சிம்னி விளக்கு தட்டிவிடும், மெழுகுவத்தி கொசுவலையில பிடிக்கும், நைலக்ஸ் சேலையில பிடிக்கும். கைப்பிடி டார்ச் எவ்வளவு மங்கலா இருந்தாலும் யாரையும் சுடாது. குழந்தைங்க இருக்கிற வீட்ல மெழுகுவத்திக்குப் பதிலா இது நூறு மடங்கு மேல். சுத்தற வேலையையும் அவங்களே சந்தோஷமா ஏத்துக்குவாங்க, பயமும் குறையும்.

(இதோட ஒண்ணு: ஜெனரேட்டரை வீட்டுக்குள்ள, மூடின வராண்டாவுல ஓட்டவே ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கத்துலயே கொல்லும்.)

38/ நான் சொல்ற வரிசை:

முதல்: ஏஏ அல்லது ஏஏஏ செல் போடற எல்இடி ஹெட்லேம்ப். ரெண்டு கையும் சும்மா இருக்கும். செல்லை வெளியே எடுத்து, கூடவே ஒரு கவர்ல வைங்க. உள்ளேயே விட்டா கசிஞ்சு டார்ச்சைக் கெடுத்துடும்.

ரெண்டாவது: வெளியே நடக்க, தூரம் அடிக்கிற ரீசார்ஜ் டார்ச். புயல் எச்சரிக்கை வந்த அன்னைக்கே முழு சார்ஜ்.

மூணாவது: கைப்பிடி டார்ச். ரேடியோவும் சேர்ந்ததா இருந்தா ரொம்ப நல்லது. நிலநடுக்கத்துக்குப் பழகின ஜப்பான் வீடுகள்ல அவசரப் பையில இந்த மாதிரி ரேடியோ-விளக்கு இருக்கறது சகஜம். போன் டவர் விழுந்தாலும் வானொலிச் செய்தி வரும்.

39/ மலையேறப் போறவங்களுக்கும் இதே வரிசைதான். ஹெட்லேம்ப், கூட ஒரு செட் செல். கைப்பிடி டார்ச் பையில கனம் பார்க்காம இடம் இருந்தா மட்டும். வழி தவறி ராத்திரி ஒரு இடத்துல உட்கார்ந்துட்டா அப்பப்போ சுத்தி சைகை காட்ட உதவும். அதை வெச்சுக்கிட்டு இருட்டுல இறங்கப் பார்க்காதீங்க.

40/ வாங்கினதும் மூணு சோதனை. ஒண்ணு, முழுசா அணையுற வரைக்கும் எரியவிட்டு, ஒரு நிமிஷம் சுத்தி, எவ்வளவு நேரம் எரியுதுன்னு கடிகாரம் பாருங்க. பத்து நிமிஷம்கூட வரலைன்னா திருப்பி அனுப்புங்க. ரெண்டு, கைப்பிடியை வீட்ல வயசானவர்கிட்ட கொடுத்துச் சுத்தச் சொல்லுங்க. மூட்டுவலியில அவங்களால முடியலைன்னா அவங்க அறைக்குச் செல் போட்ட விளக்குதான். மூணு, மூணு மாசத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்துங்க. உள்ளே செல் உயிரோட இருக்கான்னு அப்பதான் தெரியும்.

41/ இந்த வாரம் மழை இல்லாத ஒரு சாயங்காலம், மெயின் சுவிட்சை அணைச்சுட்டு அரை மணி நேரம் இருந்து பாருங்க. எந்த விளக்கு எங்க இருக்கு, எது எரியுது, இன்சுலினும் பிபி மாத்திரையும் இருட்டுல கைக்கு எட்டுதான்னு பாருங்க. கர்ப்பிணி இருக்கிற வீடா இருந்தா தாய் சேய் அட்டையும் ஆதாரும் இருக்கிற பையை ஹெட்லேம்ப் பக்கத்துலயே மாட்டி வைங்க. 108ஐக் கூப்பிட்டா வண்டி நிக்கிற இடம் வரைக்கும் யார் விளக்கோட வருவாங்கன்னும் இப்பவே பேசி வெச்சுடுங்க.

42/ சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டூட்டி முடிஞ்சு ராத்திரி பதில் சொல்றேன். டெல்டா பக்கம், கடலோரம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க இந்த இழையை அவங்களுக்கு அனுப்பி வைங்க.